நகம் வழுக்கினால் பெயிண்ட் வேண்டாம்

மாரியப்பன் இறந்த செய்தி எனக்குக் கைப்பேசியில் இரண்டு வரியாக வந்தது. விமான் நகரில் இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் படிக்கட்டில் நின்று அதைப் படித்தேன். நான் முன்பு வேலை செய்த கார் சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேசைப் பெண் இந்தியில் அனுப்பியிருந்தாள். முதல் வரி, "மாரி அண்ணன் காலையில் போய்விட்டார்." இரண்டாம் வரி, "மாஸ்க் போடவே மாட்டார் இல்லையா, அதனால்தான் என்று சொல்கிறார்கள்." அவர் இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் காரணம் தயாராகி, கைப்பேசிகளில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த இரண்டாம் வரி யாருடைய வாயிலிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை நம்பும்படி எழுதிக்கொடுத்தது யார் என்றும் தெரியும்.

கட்கியில் அவரை அறிந்த நம் தமிழ் ஜனங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆறுமுகத்தின் மூத்த மகன். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அண்டாவைத் தனியாளாகத் தூக்கி வைப்பவர். என்ன வேலை செய்தார் என்று கேட்டால் கார் பெயிண்டர் என்று சொல்வீர்கள். அது பாதிதான் சரி. பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர் அவர். ஆனால் பத்து வருடத்துக்கு மேல் அவர் விரும்பிச் செய்த வேலை, பெயிண்ட் அடிக்கத் தேவையில்லாமல் செய்வது. காரின் மேல் பறவை எச்சம் விழுந்து காய்ந்து, துடைத்த பிறகும் போகாமல் நிற்கும் தழும்பை எடுக்கும் வேலை. இந்த ஊரில் அதை அவரைப் போலச் செய்ய வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

நான் அந்தச் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதும் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வருகிற காரில் என்ன குறை என்று வாடிக்கையாளரிடம் கேட்டு அட்டையில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். கல்லூரி முடித்த கையோடு கிடைத்த வேலை. அப்பா அப்போதுதான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார், கருநீல நிறம். சாங்வியில் எங்கள் குடியிருப்பின் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அதை நிறுத்துவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்மூடியான பானட்டின் நடுவில் எச்சம் காய்ந்து கிடந்தது. பித்தளை விளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார் அம்மா. புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் நான்தான் தேய்த்தேன். எச்சம் போனது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூத்ததுபோல மங்கிவிட்டது. அப்பா ஊரிலிருந்து திரும்புவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று மறுநாள் காரைக் கொண்டுபோய் மாரியப்பன் முன்னால் நிறுத்தினேன்.

குனிந்து பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இன்னா போட்டுத் தேச்சீங்க மேடம்?"

மெதுவாக, "புளி" என்றேன்.

பக்கத்தில் வேலை செய்த இருவரைக் கூப்பிட்டு இந்தியில் விஷயத்தைச் சொன்னார். மூன்று பேரும் நன்றாகச் சிரித்தார்கள்.

"இது காரா, குத்துவெளக்கா? திரி போட்டு ஏத்தலையா?"

"அம்மாதான் சொன்னாங்க."

"அம்மா வெளக்குக்குச் சொல்லியிருப்பாங்க. நீங்க வெளக்கையும் காரையும் ஒண்ணா நெனச்சுக்கினீங்க. பி.ஏ.வா எம்.ஏ.வா?"

பிறகு வேலையைத் தொடங்கினார். கட்டைவிரல் நகத்தைத் தழும்பின் ஓரத்திலிருந்து குறுக்கே இழுத்தார். என் விரலையும் வைத்து இழுக்கச் சொன்னார். "நகம் பள்ளத்துல விழுந்தா பெயிண்ட். நகம் வழுக்கினா பெயிண்ட் வாணாம். அவ்ளோதான் சாஸ்திரம்." என் நகம் வழுக்கியது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ரூபாய் நோட்டை விட மெல்லிதாகத் தெரிந்த வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் நூல் பிடித்ததுபோல ஒரே திசையில் தேய்த்தார். அந்த இடம் முன்னைவிட மங்கியது. பிறகு காம்பவுண்டு என்ற பாலிஷ் களிம்பு, அதன் பிறகு பஞ்சுச் சக்கரம், கடைசியில் வெறும் துணி. நடுநடுவே டியூப்லைட்டைச் சாய்த்துப் பிடித்து அதன் ஒளி பானட்டில் வளையாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். மதியத்துக்குள் கருநீலம் திரும்பிவிட்டது.

கை துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை அன்றைக்கே என் நோட்டில் எழுதி வைத்தேன். எச்சம் மட்டும் தனியாகக் கெடுப்பதில்லை, வெயிலும் கூடவேண்டும். மதிய வெயிலில் மேல்பூச்சு இளகி விரிகிறது. அதன் மேல் ஒட்டிய எச்சம் காயக் காயச் சுருங்கி அதைப் பிடித்து இழுக்கிறது. சாயங்காலம் பூச்சு குளிர்ந்து இறுகும்போது அந்த இழுப்பு அப்படியே அச்சாக நின்றுவிடுகிறது. எச்சத்துக்குள் மண்ணும் விதையும் உண்டு, காய்ந்த பிறகு கைக்குட்டையால் துடைத்தால் அது அரம் மாதிரி அறுக்கும். ஈரத்துணியைப் போர்த்திப் பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைக்காமல் மேலே தூக்கி எடுக்க வேண்டும். "பறவை அது வேலையப் பாக்குது மேடம். அவசரப்பட்டுத் தொடைக்கிறோம் பாருங்க, அதுதான் நம்ம வேலை."

ஹிஞ்சவடியில் கம்பெனிகள் வர வர எங்கள் வாசலில் கார்கள் நீண்டன. வாகட்டில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. கூரையுள்ள நிறுத்துமிடம் கிடைக்காதவர்கள் மிச்சமிருந்த மரங்களுக்குக் கீழே புதுக் கார்களை நிறுத்தினார்கள். மார்ச் பிறந்தால் போதும், எச்சத் தழும்போடு வருகிறவர்கள் பெருகிவிடுவார்கள். புதுக் கார் வாங்கியவனின் கோபம் தனி ரகம். கருப்புக் கார்க்காரர் ஒருவர் என் மேசையைத் தட்டித் தட்டி ஆங்கிலத்தில் கத்தியது நினைவிருக்கிறது. பெயிண்டே மட்டம், கம்பெனியே மோசடி, மாற்றிக் கொடு என்றார். வெளிக் காரணத்தால் வந்த சேதம், வாரண்டி கிடையாது என்று எழுத எனக்கு உத்தரவு. எழுதினால் இன்னும் கத்துவார். மாரியப்பன் வெளியே வந்து பானட்டைப் பார்த்தார்.

"வீட்டுக்கிட்ட அத்தி மரமா சார்?" என்று இந்தியில் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விதை கெடக்குது. இது பறவையே இல்ல சார், வௌவால். நீங்க பாட்டுக்குக் காக்காயைத் திட்டிக்கினு இருக்கீங்க."

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது நிமிடத்தில் தழும்பும் போய்விட்டது. சாவியை வாங்கிக்கொண்டவர் மாரியப்பனுக்கு நன்றி சொல்லவில்லை, எனக்குச் சொன்னார். அப்படித்தான் நடக்கும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

பிறகு புது மேலாளர் வந்தார். அவர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் மாத அறிக்கையில் பெயிண்ட் வேலைக்கு ஒரு கட்டம் இருந்தது. பாலிஷுக்குக் கட்டம் இல்லை. ஆகவே எச்சத் தழும்பு என்று வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் உரசிப் புதுப் பூச்சு அடித்துவிட வேண்டும் என்று விதி வந்தது. பானட் என்றால் பானட் முழுக்க, கூரை என்றால் கூரை முழுக்க. "நகம் வழுக்குது சாப்" என்று மாரியப்பன் அவரை அழைத்துப் போய்க் காட்டினார். மேலாளர் விரலைக்கூட நீட்டவில்லை. பாலிஷ் மேசை இருந்த மூலையைத் தடுத்து, வாடிக்கையாளர் உட்காரும் அறையோடு சேர்த்தார்கள். அங்கே ஒரு காபி இயந்திரம் வந்தது. மேல்பூச்சை ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருங்காமல் அடிக்க மாரியப்பன் ஒருவரால்தான் முடியும் என்பதால் அவரை ஸ்பிரே பூத்துக்குள் அனுப்பினார்கள்.

பூத் என்றால் ஒரு காரை மூடும் அளவுக்குத் தகரத்தில் செய்த அறை. உள்ளே அடிக்கும் மேல்பூச்சில் ஹார்டனர் என்ற திரவத்தைக் கலக்க வேண்டும். அது காற்றில் பனியாகப் பறக்கும். அதை வெளியே இழுக்க வேண்டிய விசிறியின் பெல்ட் அறுந்து கிடந்தது. வாங்க எழுதி அனுப்பினோம், எழுதி அனுப்பினோம், எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தோம். ஹார்டனர் டப்பாவின் மேல் ஒரு படம் உண்டு: முகம் முழுக்க மூடிய கவசமும், அதிலிருந்து தனிக் காற்றுக் குழாயும் மாட்டிய மனிதன். மாரியப்பன் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்பார்: "இந்த ஆளு நம்ம பூத்துக்கு எப்ப மேடம் டூட்டிக்கு வருவாரு?" அவர் கட்டிக்கொண்டது நனைத்த கைக்குட்டை. படத்தில் உள்ளதைப் போன்ற கவசம் ஒன்று எங்களிடம் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மேலாளர் அறையின் கண்ணாடி அலமாரியில், பரிசுக் கேடயங்களுக்குப் பக்கத்தில்.

கவசத்துக்குப் பதிலாகப் பூத்தில் நின்றவர்களுக்கு வெல்லம் கொடுத்தார்கள். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் இந்த ஊர்த் தொழிற்சாலை எதிலும் வேலை பார்க்காதவர்களாக இருக்க வேண்டும். தூசியிலும் பெயிண்டிலும் நிற்பவனுக்குச் சாயங்காலம் ஒரு கட்டி வெல்லம் கொடுத்தால் நெஞ்சில் படிந்ததெல்லாம் இறங்கிவிடும் என்பது இங்கே முதலாளியிலிருந்து கடைசித் தொழிலாளி வரை எல்லோரும் நம்புகிற விஷயம். நான்கு மணிக்கு ஸ்டோரிலிருந்து காகிதத் துண்டில் வெல்லம் வரும். நானும் நம்பினேன். புத்தகம் புத்தகமாகப் படிக்கிறவள் என்று என்னைப் பற்றி அங்கே ஒரு பேச்சு இருந்தது. படித்தவள் ஒரு நாள்கூட இதை யோசிக்கவில்லை. யோசித்தவர் மாரியப்பன். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வெல்லம் வயித்துக்குப் போவுது. பெயிண்ட் நெஞ்சுக்குப் போவுது. ரெண்டுக்கும் ரூட்டே வேற மேடம். எந்த ஜங்ஷன்ல சந்திக்கும்?"

சொல்லிவிட்டு விரலை நக்கினார். அவருக்கு வெல்லம் பிடிக்கும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்த இடத்தில் பாதுகாப்புப் பொருள் வழங்கும் பதிவேடு என்று ஒன்று இருந்தது. தேதி, பெயர், பொருள், கையெழுத்து. வாரத்துக்கு ஒரு வரி. அதை எழுதும் பொறுப்பு என்னுடையது. பொருள் என்ற இடத்தில் இரண்டு வருடமாக 'வெல்லம்' என்றே எழுதி வந்தேன், கொடுத்தது அதுதான். கார் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மேலாளர் ஒரு புதுப் பதிவேட்டை என் மேசையில் வைத்தார். பழையதைப் பார்த்துச் சுத்தமாக நகல் எடு, பொருள் என்ற இடத்தில் மட்டும் முகமூடி என்று போடு, உன் கையெழுத்துதான் இங்கே அழகானது என்றார்.

எழுதினேன். இரண்டு மதியங்கள் ஆயின. ஒரே நாளில் எழுதியதுபோலத் தெரியக்கூடாது என்று நான்கு பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே யோசித்துச் செய்தது.

கையெழுத்துக்காக மாரியப்பனைக் கூப்பிட்டேன். அவர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் மட்டுமே இருந்த அந்தக் கட்டடத்தில் தமிழாக இருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். பக்கத்தைப் புரட்டினார். பிறகு இன்னொரு பக்கம்.

"வெல்லம் எங்க மேடம் போச்சு?"

"சோதனைக்கு வராங்க அண்ணா. அன்னிக்குக் காட்டறதுக்கு மட்டும்."

"ரெண்டு வருஷமா மாஸ்க் போட்டுக்கினு இருந்திருக்கேன். எனக்கே தெரியல பாருங்க."

"போட்டுடுங்கண்ணா. இல்லேன்னா என் வேலை போயிடும்."

என் வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். "உனக்காவ" என்றார். நின்றபடியே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். நூறு கையெழுத்துக்கு மேல் இருக்கும். நடுவில் கை வலிக்கிறது என்று உதறிக்கொண்டார். பழைய பதிவேட்டைப் பழைய காகிதம் எடுக்க வருகிற ரத்திக்காரரின் சாக்கில் நானே போட்டேன். சோதனை நாளில் அலமாரியிலிருந்த கவசம் பூத் சுவரின் கொக்கிக்கு வந்தது. வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் அது கேடயங்களுக்குப் பக்கத்தில் திரும்பிப் போயிற்று.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். திங்கட்கிழமை பூத்துக்குள் போய் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அரசு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவருடைய வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டிருக்கிறார். இந்தப் பூச்சின் வாடை இனி உங்களுக்கு ஒரு துளியும் ஆகாது, வேறு வேலைக்கு மாறுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாரியப்பன் அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். லீவு கேட்கவில்லை. தன்னைப் பாலிஷ் வேலைக்குத் திருப்பி அனுப்பும்படி மட்டும் கேட்டார். ஒரு மேசை, ஒரு டியூப்லைட், இரண்டு வாளித் தண்ணீர். அவ்வளவுதான் அவர் கேட்டது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பி, விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். "வாரா வாரம் மாஸ்க் வாங்கியிருக்கிறாய். இதோ உன் கையெழுத்து, இதோ, இதோ. பிறகு எப்படி உனக்கு நெஞ்சு கெடும்? எல்லாவற்றையும் என்ன செய்தாய், கட்கி பஜாரில் விற்றாயா?"

மாரியப்பன் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். மூவரில் பயமில்லாமல் பேசக்கூடியவள் நான்தான்; படிப்பு இருந்தது, அப்பாவின் சம்பளம் இருந்தது, வேறு வேலை கிடைக்கும். நான் தேதிகளைச் சரிபார்க்கிறவள் மாதிரி பதிவேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னுதுதான் சாப். போடாம விட்டுட்டேன்" என்றார் மாரியப்பன் இந்தியில்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் அவரை நிறுத்தினேன். "ஏன் அண்ணா அப்படிச் சொன்னீங்க?"

அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த மூச்சும் இல்லை.

"வேற இன்னா சொல்லச் சொல்ற? இந்தப் பொண்ணு பொய்யா எழுதுச்சுன்னா? அத நீ சொல்லியிருக்கணும். நான் இல்ல. நான் கேட்டது ஒரு மேசை. நீ பேனாவ மூடிக்கினு நின்னே."

கைக்குட்டையை நனைத்துக்கொண்டு பூத்துக்குப் போனார். அன்றைக்கு வரிசையில் இருந்தது ஒரு வெள்ளைக் காரின் பானட். ஜாப் கார்டு எழுதும்போது நான் என் நகத்தால் இழுத்துப் பார்த்திருந்தேன். வழுக்கியது. பெயிண்ட் என்று எழுதினேன்.

அந்த வருடங்களில் அவர் அடித்த பூச்சுகளில் பெரும்பாலானவை தேவையே இல்லாதவை. நான் மிகைப்படுத்தவில்லை. அட்டைகளை எழுதியவள் நான். ஈரத்துணியும் பொறுமையும் போதுமான தழும்புகளுக்கு, ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக, ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் ஒரு கோடை முழுக்க, பிறகு இன்னொரு கோடை முழுக்கப் பூச்சு அடித்தோம். அந்தக் கார்களுக்கு என்ன ஆயிற்று? மறு வாரமே வேறொரு காக்கை அதே பானட்டில் உட்கார்ந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்து நான் அந்த வேலையை விட்டேன். மனசாட்சிக்காக விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விமான் நகரில் இதைவிட நல்ல வேலை கிடைத்தது, போனேன். அவர் கடைசிவரை அந்தப் பூத்திலேயே இருந்தார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் சர்வீஸ் சென்டரில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். போனேன். காபி இயந்திரம் இருக்கும் அறையில், ஒரு காலத்தில் பாலிஷ் மேசை நின்ற அதே மூலையில், படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். மேலாளர் கண் கலங்கப் பேசினார். மாரி எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றார். நூறு தடவை சொன்னேன், கேட்கவில்லை என்றார். பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது, என் முன்னால் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், இது உங்களுக்கெல்லாம் ஒரு பாடமாக இருக்கட்டும் என்றார். இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். உட்கார்ந்தபோது மணி நான்கு. ஸ்டோரிலிருந்து வழக்கம்போல ஆள் வந்து எல்லோருக்கும் காகிதத்தில் வெல்லம் கொடுத்தார். என் கையிலும் ஒன்றை வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அறையில் ஒருவர்கூட அதைக் கீழே வைக்கவில்லை. நானும் கையில் பிடித்தபடி, வாயைத் திறக்காமல் வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராகக் கட்கிக்குப் போனேன். அவர் மனைவி தனம் வாசலில் உட்கார்ந்திருந்தார். கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுத்து, "இங்கிலீஷ்ல இருக்குது. படிச்சுச் சொல்லு சுமதி" என்றார். ஒரே பக்கம். ஆழ்ந்த வருத்தம் என்று தொடங்கி, ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு என்று முடிந்தது. படித்துச் சொன்னேன்.

"தெருவுல இன்னா பேசறாங்க தெரியுமா? குடிச்சுக் குடிச்சு நெஞ்சு வெந்துபோச்சாம். ஒருத்தி வந்து பீடின்றா. பீடியத் தொட்ட மனுசனா அவரு? இப்ப கம்பேனியும் அவரு தப்புன்னு எழுதிட்டான். நாளைக்கு எம்பொண்ணு இத்தப் படிப்பா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்."

அப்போது சொன்னேன். பதிவேடு, வெல்லம், நூறு கையெழுத்து, மேலாளர் அறை, எல்லாவற்றையும். தனம் அக்கா கடைசியில் ஒன்று கேட்டார்.

"நாலு பேனாவா?"

"ஆமாம் அக்கா."

"ஒரு பேனாவுல எழுதியிருந்தாகூட எவனாவது கண்டுபுடிச்சிருப்பான்."

அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்: "ஆபீசுக்கு இங்கிலீஷ்ல எழுதிக் குடு. அது ஒரு பக்கம். நம்ம ஜனத்துக்குத் தமிழ்ல எழுது. என் வாசல்ல நின்னு பேசறவங்க அவங்கதான். அழகா எழுதாத. உன் அழகு கையெழுத்து பண்ணினது போதும்."

தொழிலாளர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாளே மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். பொய்ப் பதிவேடு எழுதியது நீ, முதலில் மாட்டப் போவது நீதான், யோசித்துக்கொள் என்றார். ஆமாம், நான்தான் எழுதினேன், அதைத்தான் கொடுத்திருக்கிறேன் என்றேன். அப்பாவுக்கு இந்த விஷயம் பிடிக்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்திருக்கிறது. சொந்த விஷயங்களை வெளியே சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். இது என் சொந்த விஷயம் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது.

அவருடைய சிரிப்பையும் கைத்திறனையும் நினைவில் வைத்துக்கொள்ள உங்களில் பலர் இருக்கிறீர்கள். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது தாழ்வாரத்தில் அவர் என்மேல் கொண்ட கோபத்தை. அது நியாயமான கோபம், அதை ஆறவிட எனக்கு உரிமையில்லை. இனி யாராவது மாரியப்பன் முகமூடி போடாமல் செத்தான் என்று சொன்னால் அவர்களிடம் இதைக் காட்டுங்கள். அந்தப் பதிவேட்டில் முகமூடி என்று இருக்கும் இடங்களிலெல்லாம் வெல்லம் என்று படிக்க வேண்டும். எழுதியவள் நான்.